911 ஆர்: 991 கார், மூணு ஊர் விலை, சென்னை ஆன்-ரோடு கணக்கு

#1 அடையார் மேனுவல்

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் சுத்திட்டு இருக்கு. போர்ஷே 911 ஆர், 2016 மாடல், உலகத்துக்கே 991 கார். கீழே மூணு விலை: ஜெர்மனி 1,89,544 யூரோ, அமெரிக்கா 1,84,900 டாலர், பிரிட்டன் 1,36,901 பவுண்ட். யாரோ மூணையும் இன்னைக்கு ரேட்ல ரூபாயா மாத்தி, "போர்ஷே சொந்த ஊர்க்காரன்கிட்டதான் அதிகமா உருவுது"ன்னு தீர்ப்பும் சொல்லிட்டாங்க.

அந்தத் தீர்ப்பு எனக்கு ஒட்டல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, இந்த மூணு விலையை எப்படி ஒப்பிடணும்? அப்புறம் 991, 500, 15னு கம்பெனி போடுற நம்பருக்கு நம்ம பக்கம் என்ன அர்த்தம்? சென்னை ஆன்-ரோடு கணக்கையும் (வரி எல்லாம் சேர்ந்து கையை விட்டுப் போற மொத்தம்) யாராவது முழுசா போட்டா நல்லது. இங்க பழைய இழைகள்ல கிடக்கிறது எல்லாம் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 48%னு இருந்த காலத்துக் கணக்கு.

#2 கணக்குப்பிள்ளை 09

ரேட் தப்பு என்பது அப்புறம். அந்த மூன்றும் ஒரே வகை விலையே அல்ல. ஜெர்மன் விலைக்குள் 19% வாட் (மதிப்புக் கூட்டு வரி) இருக்கிறது. பிரிட்டன் விலைக்குள் 20%. அமெரிக்க விலையில் வரியே கிடையாது. அங்கே சேல்ஸ் டாக்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் பில் போடும்போதுதான் ஏறும். டெலிவரிக் கட்டணம் 1,050 டாலரும் தனி.

வரியை உரித்துவிட்டுப் பாருங்கள்.

ஜெர்மனி: 1,89,544 ÷ 1.19 = 1,59,281 யூரோ.
பிரிட்டன்: 1,36,901 ÷ 1.20 = 1,14,084 பவுண்ட்.

அடுத்தது மாற்று விகிதம். இன்றைய ரேட்டைப் போடக் கூடாது, விலை அறிவித்த காலத்து ரேட்டைப் போட வேண்டும். 2016 மார்ச்சில் ஜெனீவாவில் கார் அறிமுகமானபோது யூரோ ஏறத்தாழ 1.10 டாலர், பவுண்ட் ஏறத்தாழ 1.42 டாலர். அந்தக் கணக்கில் ஜெர்மனி சுமார் 1,75,000 டாலர், பிரிட்டன் சுமார் 1,62,000 டாலர். அமெரிக்கா 1,84,900.

ஆக வரிக்கு முன் அதிகம் கொடுத்தவர் அமெரிக்கர்.

#3 ஓஎம்ஆர் ஓவர்டேக்

அப்போ லண்டன்காரன்தான் மச்சக்காரனா? படத்துல இருக்கிறதுக்கு நேர் தலைகீழா வருதே.

#4 கணக்குப்பிள்ளை 09

காகிதத்தில் அப்படித்தான். ஆனால் இந்த இடைவெளியை வைத்து "லாபம் அடிக்கிறார்கள்" என்று நேராகச் சொல்லிவிட முடியாது. கம்பெனி ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த நாட்டு நாணயத்தில் விலையை முன்கூட்டியே கட்டிவிடுகிறது. பிறகு நாணயம் ஆடினாலும் புக்கிங் விலை அப்படியே நிற்கும். அதே 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்ததும் பவுண்ட் சரிந்தது. டாலர் கண்ணாடியில் பிரிட்டன் விலை இன்னும் கீழே போனது. அதற்காக ஸ்டுட்கார்ட்டில், போர்ஷே தலைமையகத்தில், யாரும் தள்ளுபடி கொடுக்கவில்லை.

இன்னொன்று, ஜெர்மன் விலையை அறிவிக்கும்போதே "வாட் மற்றும் நாட்டுக்குரிய உபகரணங்கள் உட்பட" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். எது கட்டாயம், எது தனிக்காசு என்ற பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படை விலை ஒன்றாக இருந்தாலும் கார் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

#5 இரட்டைக்கிளட்ச்

நம்பர் பக்கம் நான் வர்றேன்.

முதல்ல, போர்ஷே நம்பர் எல்லாம் தேவையைக் கணக்கு போட்டு வந்தது மாதிரி எனக்குத் தெரியல. பெயர்ல இருந்தோ பஞ்சாங்கத்துல இருந்தோ எடுக்கிற நம்பர். 911 ஆர் 991 கார், ஏன்னா அந்தத் தலைமுறையோட கோடு 991. 918 ஸ்பைடர் 918. 2010 ஸ்பீட்ஸ்டர் 356, பழைய 356 மாடல் ஞாபகார்த்தமா. 2019 ஸ்பீட்ஸ்டர் 1,948, முதல் 356 வந்தது 1948. 2013-ல வந்த 50-ஆம் ஆண்டுப் பதிப்பு 1,963, பத்து வருஷம் கழிச்சு 2023-ல வந்த 911 எஸ்/டி அதுவும் 1,963, காரணம் 911 பிறந்த வருஷம். ஒரே நம்பரை ரெண்டு தடவை வித்துட்டாங்க, யாரும் கேள்வி கேக்கல.

உண்மையான உச்சவரம்பு மாதிரி தெரியுறது 997 தலைமுறை ஸ்போர்ட் கிளாசிக் 250, ஜிடி3 ஆர்எஸ் 4.0 600, ஜிடி2 ஆர்எஸ் 500. உருண்டையான நம்பர், கதை கிடையாது. அந்த 250 ஸ்போர்ட் கிளாசிக் அமெரிக்காவுக்கு ஒண்ணுகூடப் போகல. "உலகத்துக்கு 250"ன்னு எழுதியிருந்தாலும் உலகத்தோட பெரிய சந்தைக்கு அது பூஜ்யம்.

ஃபெராரி வேற ரூட். எஃப்40 சுமார் 400 கார்னு ஆரம்பிச்சு 1,300-ஐத் தாண்டிப் போச்சு. அதுல பாடம் படிச்ச பிறகுதான் எஃப்50-ல 349னு நிறுத்தினாங்க, சந்தை கேக்கிறதைவிட ஒண்ணு குறைவாங்கிற கணக்குல. என்ஸோ 399னு சொல்லிட்டு 400-வது காரை போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தாங்க. லாஃபெராரி 499, அப்புறம் 2016 இத்தாலி நிலநடுக்க நிவாரணத்துக்காக 500-வது ஏலத்துல 70 லட்சம் டாலருக்குப் போச்சு.

நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் கடைசிப் பதிப்பு, "நூர்", 2002. அறிவிப்பு 1,000. வெளியே வந்தது வி-ஸ்பெக் 2 நூர் 718, எம்-ஸ்பெக் நூர் 285. கூட்டிப் பாருங்க, 1,003.

#6 ஓஎம்ஆர் ஓவர்டேக்

அந்த மூணு காரு யாரு வீட்டுல இருக்குனு கண்டுபிடிச்சா சொல்லுங்க தல.

#7 இரட்டைக்கிளட்ச்

😀 அதைவிட முக்கியமான விஷயம், மொத்த நம்பரை விட்டுட்டு பங்கீட்டைப் பாருங்க. 2020-ல வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் லிமிடெட் எடிஷன் இதுக்கு நல்ல உதாரணம். அமெரிக்காவுக்கு 600, கனடாவுக்கு 100, ஜப்பானுக்கு 200, ஐரோப்பாவுக்கு 100. அந்த ஐரோப்பா 100-க்குள்ள பிரிட்டனுக்கு வெறும் 20. ரைட் ஹேண்ட் டிரைவ் தேடுறவனுக்கு அமெரிக்கா, கனடா 700-ம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

விலை: அமெரிக்கா 43,995 டாலர், பிரிட்டன் 39,995 பவுண்ட், ஜப்பான் 55 லட்சம் யென். கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரி உரிச்சா ஜப்பான் 10% வரி போக 50 லட்சம் யென், பிரிட்டன் 20% போக 33,329 பவுண்ட்.

ஆனா இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. எடைக் குறைப்பு ஐரோப்பாவுல 47, அமெரிக்காவுல 46னு ரெண்டு அறிக்கையிலயும் இருக்கும். பார்த்தா ஒரே கார் மாதிரி தோணும். ஐரோப்பா 47 கிலோ. அமெரிக்கா 46 பவுண்டு, அதாவது 21 கிலோதான்! அமெரிக்கக் காருல சத்தம் தடுக்கிற பஞ்சு, பின் வைப்பர் மாதிரி ஐட்டங்களை எடுத்தாங்க, அது 28 பவுண்டு. பிபிஎஸ் ஃபோர்ஜ்ட் வீல்ல 18 பவுண்டு. ஐரோப்பியக் காருல இதோட ஏசியும் தொடுதிரையும் சேர்த்துக் கழட்டிட்டாங்க. பெயர் ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, கார் ரெண்டு. ஏசி இல்லாத காரை மே மாசம் கத்திப்பாரா சிக்னல்ல நிறுத்தி யோசிச்சுப் பாருங்க, ரெண்டு விலையையும் ஏன் நேரா ஒப்பிடக் கூடாதுனு தானா புரியும்.

#8 அடையார் மேனுவல்

46, 47 விஷயம் சூப்பர். நானும் ஒரே எடைனுதான் நினைச்சிட்டு இருந்தேன்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்க லிமிடெட்னு வந்ததுல எனக்குத் தெரிஞ்சது: 2016 போலோ ஜிடிஐ 99 கார், 25.99 லட்சம். 2020 ஆக்டேவியா ஆர்எஸ் 245, 200 கார், 35.99 லட்சம். 2020 மினி ஜேசிடபிள்யூ ஜிபி இன்ஸ்பையர்டு, 15 கார், 46.90 லட்சம். 2025 அக்டோபர்ல புது ஆக்டேவியா ஆர்எஸ், 100 கார், 49.99 லட்சம். எல்லாம் எக்ஸ்-ஷோரூம், அதாவது ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் சேராத விலை. இதுல எது நிஜ லிமிடெட், எது விளம்பர லிமிடெட்?

#9 இரட்டைக்கிளட்ச்

மினி அந்தப் பட்டியல்ல ஏமாத்துற பேரு. உலக அளவுல 3,000 கார்னு வந்த ஜேசிடபிள்யூ ஜிபி வேற கார்: 306 பிஎஸ் (குதிரைத் திறன்), பின்சீட்டே கிடையாது. "இன்ஸ்பையர்டு" சாதாரண ஜேசிடபிள்யூ மேல ஜிபி அலங்காரம். 15ங்கிறது இந்தியாவுக்கு இறக்கின எண்ணிக்கை, அவ்வளவுதான்.

போலோ ஜிடிஐ நிஜமாவே 99தான், மூணு கதவு, 1.8 டர்போ, 192 பிஎஸ். நம்ம ஊர்ல மூணு கதவு போலோவுக்கு 26 லட்சம் யாரும் கொடுக்கல. அப்புறம் விலை 19.99 லட்சத்துக்கு இறங்கிச்சு. 99 கார் இருந்தும் ஷோரூம்ல தேங்கின கார் அது. புது ஆக்டேவியா 100 அதுக்கு எதிர்: அறிமுகத்துக்கு முன்னாடியே புக்கிங் முடிஞ்சது. எண்ணிக்கை ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், பாருங்க.

#10 மறைமலை டார்க்

இங்கே சிபியு, சிகேடி வித்தியாசம் தெரியாமல் விலையைப் பேசிப் பலன் இல்லை. முழுக் காராக இறங்கினால் சிபியு. பாகங்களாக வந்து இங்கே பூட்டினால் சிகேடி. எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்மிஷன் மூன்றும் பூட்டப்படாமல் தனித்தனியாக வந்தால் அடிப்படைச் சுங்கம் 15%. அவற்றில் ஏதாவது ஒன்று முன்பே பூட்டி வந்து, ஆனால் சேசிஸில் ஏற்றாமல் இருந்தால் 35%. முழுக் கார் என்றால் 70% அல்லது 110%.

பிஎம்டபிள்யூ சென்னை ஆலை மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-லிருந்து இயங்குகிறது. அதே வளாகத்தில் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பிஎம்டபிள்யூவுக்கு எஞ்சின் பூட்டித் தருகிறது. எம்340ஐ இந்த ஆலையில் பூட்டுகிற கார், 2021-ல் 62.90 லட்சத்துக்கு வந்தது. அதைவிடச் சின்னதான எம்2 மெக்ஸிகோவிலிருந்து முழுக் காராக இறங்குகிறது. 2023-ல் அதன் விலை 98 லட்சம். ஆறு சிலிண்டர் இரண்டிலும் உண்டு, இழுவை எம்2-வில் கூடுதல்தான். ஆனால் 35 லட்ச வித்தியாசத்தில் பெரும் பங்கு சுங்கத்தினுடையது.

லிமிடெட் எடிஷன் பெரும்பாலும் சிபியுவாகவே வருவதற்குக் காரணமும் இதுதான். 50 காருக்காக லைனில் தனி ஜிக் (பாகங்களைப் பிடித்துப் பூட்டும் சட்டம்), தனி பாகப் பட்டியல், தனி தரச் சோதனை என்று யாரும் போட மாட்டார்கள். எம்340ஐயில் வந்த 50 ஆண்டு எம் பதிப்பு மாதிரி பெயிண்ட், பேட்ஜ், சீட் தையல் மட்டும் மாறினால் லைனிலேயே செய்துவிடலாம்.

#11 ஓஎம்ஆர் ஓவர்டேக்

நான் போட்ட கணக்கு, சரியா பாருங்க. இறங்கு விலை 1 கோடினு வெச்சுக்கலாம். 110% சுங்கம், ஆச்சு 2.10 கோடி. அதுல 40% ஜிஎஸ்டி 84 லட்சம், ஆச்சு 2.94 கோடி. டீலர், இறக்குமதியாளர் பங்கு ஒரு 25 லட்சம். எக்ஸ்-ஷோரூம் 3.19 கோடி. ரோடு டாக்ஸ் 15%, 48 லட்சம். மொத்தம் 3.67.

#12 கணக்குப்பிள்ளை 09

முக்கால்வாசி சரி. இரண்டு இடத்தில் இடறுகிறது, இரண்டும் சேர்ந்தால் சுமார் 28 லட்சம்.

முதலாவது, 25 லட்சத்தை ஜிஎஸ்டிக்குப் பிறகு கூட்டியிருக்கிறீர்கள். இறக்குமதியில் கட்டிய ஜிஎஸ்டியை (அங்கே ஐஜிஎஸ்டி என்று பெயர்) இறக்குமதியாளர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டு, விற்கும்போது முழு விற்பனை விலைக்கும் ஜிஎஸ்டி போட வேண்டும். லாபத்துக்கும் 40% உண்டு. அதனால் 2.10 + 0.25 = 2.35 கோடி, அதற்கு 40% சேர்த்தால் 3.29 கோடி. பத்து லட்சம் அங்கேயே ஏறிவிட்டது. (லாபத்தைச் சதவீதமாகப் போட்டால் முன்னே பெருக்கினாலும் பின்னே பெருக்கினாலும் ஒன்றுதான். ரூபாயாகக் கூட்டும்போதுதான் இந்தத் தப்பு வரும்.)

இரண்டாவது, தமிழ்நாட்டில் 15% என்பது பழைய கதை. 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20%. அதுவும் ஜிஎஸ்டி சேர்ந்த விலை மீது, வரிக்கு வரி. 3.29 கோடிக்கு 65.8 லட்சம். 10 லட்சத்துக்கு மேலான வாகனம் என்பதால் 1% டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி), 3.29 லட்சம். இது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும். ஆனால் டெலிவரி அன்று கையிலிருந்து போகும். கூட்டினால் காப்பீட்டுக்கு முன் 3.98 கோடி. மொத்தத்தில் ஒன்றுக்கு நான்கு.

110% எப்படி வந்தது என்று புதியவர்கள் கேட்பார்கள். 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு 2025 பட்ஜெட் வரை 100% அடிப்படைச் சுங்கம், அதன் மேல் 10% சமூக நல மேல்வரி. அந்த பட்ஜெட்டில் "சுங்கம் 70% ஆகக் குறைப்பு" என்று தலைப்பு வந்தது. கூடவே 40% வேளாண் உள்கட்டமைப்பு செஸ் வந்ததை யாரும் தலைப்பில் போடவில்லை. 70 + 40, பழைய 110 அப்படியே. நிஜமாகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22-ல்தான்: 28% ஜிஎஸ்டியும் 20% செஸ்ஸும் போய் ஒரே 40% ஆனது. அடையார் சார் சொன்ன 48% கணக்கு அங்கே செத்தது. இதே காருக்குப் பழைய கணக்கில் எக்ஸ்-ஷோரூம் 3.48 கோடி வந்திருக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு. சுங்க மதிப்பு என்பது கார் விலை மட்டும் அல்ல, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது. ஆலையில் பூட்டிய ஆப்ஷனும் உள்ளே வரும். செராமிக் பிரேக் 5 லட்சம் என்றால் சுங்கம், ஜிஎஸ்டி தாண்டி 14.7 லட்சம், ரோடு டாக்ஸ், டிசிஎஸ் சேர்த்து ஏறத்தாழ 17.8 லட்சம். "ஆப்ஷன்தானே" என்று டிக் அடிப்பதற்கு முன் மூன்றரையால் பெருக்கிப் பாருங்கள்.

மாற்று விகிதமும் அப்படித்தான். புக்கிங் தேதி ரேட் செல்லாது. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) தாக்கல் செய்கிற நாளில் சுங்கத் துறை அறிவித்திருக்கும் ரேட்தான். யூரோ 100 ரூபாய் என்று வைத்து 1,00,000 யூரோ கார் பேசியிருந்தால், ஒரே ஒரு ரூபாய் ஏறினால் ஆன்-ரோடில் சுமார் 3.56 லட்சம் ஏறும். அறிமுக விலை ஒன்று, டெலிவரி விலை இன்னொன்று ஆவதற்கு இது பெரிய காரணம். புக்கிங் ஃபார்மில் "டெலிவரி நாள் விலையே செல்லும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். படியுங்கள்.

#13 ஓஎம்ஆர் ஓவர்டேக்

ஒத்துக்கிறேன் சார், கால்குலேட்டரை ஒப்படைக்கிறேன். 🙏

அப்போ ஆக்டேவியா 49.99-க்கு எப்படிக் கட்டுப்படியாகுது? ஐரோப்பாவுல அதோட ஷோரூம் விலையை ரூபாயாக்கினாலே அந்தப் பக்கம் போயிடுமே.

#14 கணக்குப்பிள்ளை 09

பின்னாலிருந்து வாருங்கள். 49.99 ÷ 1.40 = 35.7 லட்சம். அந்தக் கார் 40,000 டாலருக்குக் கீழே, எனவே சுங்கம் 70%. 35.7 ÷ 1.70 = 21 லட்சம். யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை என்று வைத்தாலே இறங்கு மதிப்பு 21 லட்சத்தைத் தாண்ட முடியாது. லாபம் இருந்தால் இன்னும் கீழே.

சுங்கத்துக்குக் காட்டுகிற மதிப்பு தாய்க் கம்பெனி தன் இந்தியக் கிளைக்கு விற்கிற விலை. ஐரோப்பிய ஷோரூம் விலைக்குள் வாட், டீலர் பங்கு, அங்கத்திய விளம்பரச் செலவு எல்லாம் இருக்கும். இதில் அவை இருக்காது. ஜெர்மன் ஷோரூம் விலையை நான்கால் பெருக்கி "இந்திய விலை இவ்வளவு வரும்" என்று சொல்கிறவர்கள் எப்போதும் மேலே போய்த் தவறுவது இதனால்தான். 40,000 டாலர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற மாதிரி உபகரணப் பட்டியலை வெட்டுவதும் நடக்கிற காரியம். கோட்டைத் தாண்டினால் 70 சட்டென்று 110 ஆகிவிடும்.

#15 அடையார் மேனுவல்

இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் வந்தா இந்த 110% சுங்கம் என்ன ஆகும்?

#16 கணக்குப்பிள்ளை 09

2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. பிரிட்டனில் தயாரான கார்களுக்கு, ஆண்டு ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள் மட்டும், சுங்கம் படிப்படியாக 10% வரை இறங்கும். மெக்லாரன், ஆஸ்டன் மார்ட்டின், லோட்டஸ் மாதிரி அங்கேயே தயாராகிற காருக்குப் பொருந்தும். லண்டன் டீலரிடம் நிற்கிற போர்ஷேவுக்குப் பொருந்தாது. பார்ப்பது தயாரிப்பு நாடு. ஒரு சந்தோஷக் கணக்கு: மேலே சொன்ன 1 கோடி காருக்கு 10% சுங்கம் என்றால் அதே 25 லட்ச லாபத்தோடு எக்ஸ்-ஷோரூம் 1.89 கோடி.

#17 ஓஎம்ஆர் ஓவர்டேக்

அதுவரைக்கும் ரோடு டாக்ஸாவது மிச்சம் பிடிக்கலாம். ஈசிஆர்ல ரெண்டரை மணி நேரம் போனா பாண்டிச்சேரி நம்பர்.

#18 மறைமலை டார்க்

போகலாம், ஆனால் அங்கேயே ஓட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு ஆயுள் வரி, அப்புறம் பழைய இடத்தில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைச்சல். சாதாரண காரில் யாரும் கவனிக்காமல் போகலாம். உலகத்தில் சில நூறு மட்டும் இருக்கிற கார், கத்துகிற கலரில், தினமும் ஓஎம்ஆரில் போனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போட்டோ போடப் பத்து பேர் இருப்பார்கள். விற்கும்போதும் முகவரிச் சான்று, என்ஓசி என்று வாங்குகிறவர் தயங்குவார்.

#19 புதுப்பேட்டை பிளக்

ஆர்34 நூர் பேச்சு வந்ததே. 25 வருஷம் ஆயிட்டா யாரும் இறக்கலாம்னு சொல்றாங்க. 2002 கார்னா 2027-ல கிளியர் ஆகிடும்தானே அண்ணே?

#20 இரட்டைக்கிளட்ச்

அது அமெரிக்கச் சட்டம் தம்பி. நம்ம ஊர்ல பழைய கார் இறக்கணும்னா தயாரிச்சு 3 வருஷத்துக்குள்ள இருக்கணும், ரைட் ஹேண்ட் டிரைவா இருக்கணும், மும்பை துறைமுகம் வழியாத்தான் வரணும். 25 வருஷம் ஆச்சுனு இங்க கதவு திறக்காது.

புதுக் காருக்கு 2018 செப்டம்பர்ல வந்த தளர்வு உபயோகமானது. ஐரோப்பா, ஜப்பான் தரச்சான்று இருக்கிற ரைட் ஹேண்ட் டிரைவ் காரை, வருஷத்துக்கு 2,500 வரைக்கும், இங்க மறுபடி டெஸ்ட் பண்ணாம கம்பெனியே இறக்கலாம். 200, 100, 150னு லிமிடெட் கார் வரிசையா வர ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான். அதுக்கு முன்னாடி, போலோ ஜிடிஐ மாதிரி அபூர்வத்தைத் தவிர, 100 காருக்காக இங்க ஹோமோலகேஷன் (தரச்சான்று டெஸ்ட்) செலவு பண்ண யாருக்குப் பைத்தியம்? ஆனா அது கம்பெனிக்கும் அவங்க அங்கீகரிச்ச இறக்குமதியாளருக்கும்தான், தனி ஆளுக்கு இல்ல.

#21 நெறியாளர்

இ20 பெட்ரோல், 100 ஆக்டேன் எங்கே கிடைக்கும் என்ற நான்கு பதிவுகளை எரிபொருள் இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே எண்ணிக்கையும் விலையும் மட்டும்.

#22 அடையார் மேனுவல்

கையில ஒரு கார் வந்து நிக்குது, டேஷ்போர்டுல "000/991" மாதிரி ஒரு தகடு. உண்மையானு எப்படிப் பார்க்கிறது?

#23 மறைமலை டார்க்

தகட்டை நம்பாதீர்கள். அது இரண்டு திருகு அல்லது ஒட்டும் பசை; நகல் தகடு ஆன்லைனில் கிடைக்கிறது. தகட்டு எண்ணும் சேசிஸ் வரிசையும் ஒன்றாக ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 7-வது தகடு போட்ட கார் லைனில் 7-வதாக வந்ததாக அர்த்தம் இல்லை.

17 எழுத்து சேசிஸ் நம்பரை எடுங்கள். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் வெளியிலிருந்தே தெரியும். போர்ஷேயில் 4, 5, 6-வது இடத்தில் மூன்று 'இசட்' வரிசையாக இருந்தால் அமெரிக்கா, கனடா அல்லாத சந்தைக்கான கார். அங்கே வேறு குறியீடு இருந்து, 9-வது இடத்தில் சரிபார்ப்பு எண்ணும் இருந்தால் வட அமெரிக்கக் கார். 10-வது எழுத்து மாடல் ஆண்டு, 2016-க்கு 'ஜி'. 11-வது ஆலை, 'எஸ்' என்றால் ஸ்டுட்கார்ட். ஐ, ஓ, கியூ மூன்று ஆங்கில எழுத்துகளும் சேசிஸ் நம்பரில் எங்கேயும் வராது. ஆர்சியில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' அடித்திருந்தால் அது தட்டச்சுப் பிழை. வாங்குவதற்கு முன் திருத்த வையுங்கள், பெயர் மாற்றத்தில் மாட்டும்.

அடுத்து பென்சில் பிரிண்ட். உடலில் குத்தியிருக்கும் எண் சில கார்களில் பயணி காலடிக் கார்பெட் மடிப்புக்கு அடியில், சிலவற்றில் முன் பெட்டிக்குள் இருக்கும். மெல்லிய தாளை வைத்து, 6பி மாதிரி மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேயுங்கள். கூரான பென்சில் தாளைக் கிழிக்கும். மேலே பெயிண்ட் கனமாக இருந்தால் எழுத்து மங்கும். அப்போது துணியால் மெழுகைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், கத்தியால் சுரண்டக் கூடாது. சுரண்டின தடம் இருந்தாலே ஆர்டிஓவில் கேள்வி வரும். எழுத்துகளின் இடைவெளி சீராக இருக்கிறதா, சுற்றிலும் அரைத்த தடம் தெரிகிறதா என்று அந்தத் தாளில்தான் பளிச்சென்று தெரியும்.

கண்ணாடியில் தெரிகிற எண், உடலில் குத்திய எண் இரண்டும் பில் ஆஃப் என்ட்ரியிலும் ஆர்சியிலும் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால், பிறகு அங்கீகரித்த சர்வீஸில் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஆலையிலிருந்து என்ன ஆப்ஷனோடு வெளியே வந்தது என்று கேளுங்கள். லிமிடெட் பதிப்புக்குத் தனி மாடல் குறியீடோ ஆப்ஷன் குறியீடோ இருக்கும். அது இல்லையென்றால் தகடு என்ன சொன்னாலும் வேண்டாம்.

#24 இரட்டைக்கிளட்ச்

இதோட விலை நிலைக்குமாங்கிற கேள்விக்கும் 911 ஆர்தான் பாடம். 4 லிட்டர், 500 பிஎஸ், ஆறு கியர் மேனுவல், 1,370 கிலோ. வந்த கொஞ்ச நாள்ல மறுவிற்பனை ஆகாயத்துல. 2017-ல அதே 500 பிஎஸ், மேனுவல், பெரிய ரெக்கை இல்லாம 911 ஜிடி3 டூரிங் வந்துச்சு, எண்ணிக்கை வரம்பு இல்லாம. 991 அப்படியேதான் இருந்துச்சு, விலை இறங்கிச்சு. வாங்கின கையோட வித்து லாபம் பாக்கிறதைத் தடுக்க சில கம்பெனிகள் மறுவிற்பனைக்கே பூட்டு போட்டாங்க: ஃபோர்டு ஜிடியில ரெண்டு வருஷம் விக்கக் கூடாதுனு ஒப்பந்தம், 911 எஸ்/டியில அமெரிக்காவுல முதல் வருஷம் லீஸ்.

#25 புதுப்பேட்டை பிளக்

இன்ஷூரன்ஸ் எப்படிண்ணே? கார் விலை ஏறினா ஐடிவியும் (இன்ஷூரன்ஸ் கம்பெனி காருக்குப் போடுற மதிப்பு) ஏறுமா?

#26 கணக்குப்பிள்ளை 09

ஏறாது. ஐடிவி எக்ஸ்-ஷோரூமிலிருந்து தேய்மானம் கழித்து வருவது: முதல் 6 மாதம் 5%, ஒரு வருடம் வரை 15%, இரண்டு வருடம் வரை 20%, மூன்று வரை 30%. அரிய காரா, அல்டோவா என்று அட்டவணை பார்க்காது. நம் 3.29 கோடி கார் இரண்டாவது வருடத்தில் முழுச் சேதமானால் ஐடிவி சுமார் 2.63 கோடி. நீங்கள் கொடுத்தது 3.98. இடையில் 1.35 கோடி, அதில் பாதி ரோடு டாக்ஸ். "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" (பில் தொகையைத் திருப்பித் தருகிற ஆட்-ஆன்) சேர்த்தால் இந்த இடைவெளி பெருமளவு அடையும், ஆனால் இந்த விலைக் காருக்கு எல்லா நிறுவனமும் தராது. டெலிவரிக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிசம்பரில் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிற ஊர் இது. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆனும் கூடவே. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் பூட்டிக்கொண்டால் சாதாரண பாலிசி கொடுக்காது.

#27 அடையார் மேனுவல்

#2, #12, #23 மூணையும் முதல் பதிவுல இணைச்சிட்டேன். படத்தை அனுப்பின குரூப்லயும் போட்டாச்சு. அங்க இப்போ அந்த மூணு நூர் கார் எங்கனுதான் சண்டை நடக்குது.